மாலை கழற்றிய மறுநாள்

சொர்ணலட்சுமிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் ஏழாயிரம்பண்ணையில் அவள் வயிற்றைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. குழாயடியில் பேசினார்கள், பட்டாசுக் கம்பெனி வேனில் பேசினார்கள். வளைகாப்பு வீட்டில் அவள் கை நீளும் முன்பே யாராவது சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்கள். மாமியார் பஞ்சம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "மருமகளுக்குக் கர்ப்பப்பை சரியில்லையாம்" என்று சொல்லி வந்தாள். எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை.

சாத்தூர், விருதுநகர் என்று அவளுக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை. அவள் புருஷன் சங்கரபாண்டியனை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், ஆறடி ஆள். ஆம்பளைக்கு என்ன சோதனை என்பது ஊர் நியாயம். என்ன நியாயமோ!

மதுரை டாக்டரம்மாதான் முதன்முதலில் அவனைச் சோதித்தார். உயிரணுக்கள் குறைவு, இருப்பதிலும் நீந்துகிறவை ரொம்பக் குறைவு.

"அவங்க முட்டை நல்லா இருந்தா மட்டும் போதாது. உயிரணு தரமா இல்லைன்னா கரு உண்டாறதே கஷ்டம், உண்டானாலும் நிக்காது. முதல்ல பீடியை விடுங்க. புது உயிரணு உருவாகி வர மூணு மாசமாவது ஆகும்."

பீடிக்கட்டை அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் வீசினான். பஸ் ஏறியதும், "சொர்ணம், இத அம்மாகிட்ட சொல்ல வேணாம்" என்றான். அவள் தலையாட்டினாள். குழந்தைக்கு அடுத்தபடியாக அவள் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: குறை அவளிடம் இல்லை என்று அவன் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதையும் தலையாட்டியே விட்டுக்கொடுத்தாள்.

அடுத்த சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருக்கும்போது டெஸ்ட் டியூப் சிகிச்சை என்று முடிவானது. அவன் விந்து சாம்பிள் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் மனைவியிடமிருந்து விலகியிருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. இங்கே பஞ்சம்மாள், பேரன் பிறக்க மகன் கார்த்திகையில் மாலை போடுவான் என்று நேர்ந்துவிட்டாள். சங்கரபாண்டியனுக்கு அது தோதாகவே பட்டது.

"ரெண்டு மூணு நாளே நல்லதுன்னா, ஒரு மண்டலம் வெலகி இருந்தா எம்புட்டு வீரியமா இருக்கும்!"

அவளுக்கும் அது சரியென்றே தோன்றியது. அவன் சரணம் சொல்லித் தரையில் படுத்தான். அவள் அடிவயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாளே மதுரைக்குப் போனார்கள். அவளுக்கு மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள்; அவனும் சாம்பிள் கொடுத்தான்.

சில நாள் கழித்து டாக்டரம்மா இருவரையும் அழைத்தார்.

"முட்டையெல்லாம் அருமையா இருந்துச்சு. உயிரணுவுலதான் முக்கால்வாசி அசையவே இல்ல. ரெண்டே ரெண்டு கருதான் உண்டாச்சு. அதுவும் வளரல. எத்தனை நாள் விலகி இருந்தீங்க?"

அவன் சொன்னான். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"சேத்து வச்சா எண்ணிக்கை கூடலாம். ஆனா தேங்கிக் கிடக்கறது பழசாயிரும். நீந்தற சக்தி போயிரும், உள்ளயும் சிதைஞ்சிரும். அது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுவும் ஒரு காரணம்."

திரும்பும் வழியில், பஸ் விருதுநகர் தாண்டியதும், சங்கரபாண்டியன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"கலந்த வெடிமருந்து மிஞ்சுனா அன்னைக்கே அழிச்சிரணும், மறுநாளைக்கு வைக்காதீகன்னு தெனமும் கம்பெனியில தொண்ட கிழியக் கத்துறவன் நான். எனக்குத் தெரியாமப் போச்சே, சொர்ணம்."

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே பஞ்சம்மாள் காத்திருந்தாள். இரண்டு முகங்களையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, இந்தத் தடவையும் இவ வயித்துல தங்கலையா? எம்மகன் மலையேறி வந்துமா!"

எதிர்வீட்டுத் தங்கச்சாமியின் சம்சாரம் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். சொர்ணலட்சுமி வழக்கம்போலத் தலையைக் குனிந்து உள்ளே போகப் பார்த்தாள். சங்கரபாண்டியன் அவள் கையை விடவில்லை.

"அவ வயித்துல ஒரு கொறையும் இல்லம்மா. கொறையெல்லாம் எங்கிட்டத்தான். மொதல்லருந்தே எங்கிட்டத்தான்."

 பஞ்சம்மாள் எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். மகன் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள்.

"ஏலே, மெல்லப் பேசுலே! வெளிய கேக்கப் போகுது."

சொர்ணலட்சுமி நிமிர்ந்தாள்.

"கேக்கட்டும் அத்தை. என்னயப் பத்துன பேச்சு இத்தன வருசமாத் தெருவுலதான் கெடந்துச்சு. அப்ப ஒருநாளும் நீங்க மெல்லப் பேசலையே."