மங்கலாகத் தெரிந்த மணப்பெண்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷீஜா அக்காவிடமிருந்து போன். குன்னத்துகாலில் மணப்பெண் அலங்காரம் செய்பவர். அவருடைய வெப்சைட்டைச் செய்தவள் நான் — எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், டிகிரி வாங்கியவள். இதை அடிக்கடி சொல்கிறேன்தான். இன்னும் சொல்வேன்.

“மக்கா, எனக்க பொண்ணுகளுக்க மொகத்த எல்லாம் நீ எதுக்கு மறைச்சு வச்ச?”

மறைத்தேனா... நானா?

அக்கா அலங்கரித்த பெண்களின் படங்கள் எல்லாம் பெரிய சைஸ். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சிக்னலோ ஒரு கோடு. படம் வருவதற்குள் ஆட்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். அதனால் ஒரு வித்தை செய்தேன். முதலில் மிகச் சிறிய, மங்கலான படம் உடனே வரும். தெளிவான படம் பின்னால் வந்து அதே இடத்தில் உட்காரும். நெய்யாற்றின்கரை டவுனில் என் லேப்டாப்பில் நொடியில் தெளிந்தது. பெருமையாக இருந்தது.

அன்று அம்பூரியிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்கு அக்காவை ஏற்பாடு செய்ய வந்திருக்கிறார். அக்காவின் போனில் வெப்சைட்டைத் திறந்தால் வரிசையாக மங்கல் முகங்கள். டிவி செய்தியில் யாருடைய முகத்தை அப்படிக் காட்டுவார்கள்?

“கேஸுல பட்ட பிள்ளைகளாக்கும்ணு நெனச்சு அவிய எழும்பிப் போயாச்சு,” என்றார் அக்கா.

ஆவணியில் அக்காவுக்கு வந்த ஒரே கல்யாணம் அது. கொஞ்சம் பொறுத்தால் தெளியும் என்று முனகினேன். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் அதையும் பார்த்துக்கொண்டு இருப்பார்களா என்று கேட்டார். வேகமாக்கியது தப்பா?

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், சிக்னல் ஒரு கோடே வரும் மாட்டுத் தொழுவத்தருகே நின்று அவர் போனில் திறந்தேன். பசு என்னைப் பார்த்தது. நான் போனைப் பார்த்தேன். முகம் தெளியவே இல்லை.

மங்கல் முகங்களை எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், அந்தப் பெண் கட்டிய பட்டின் நிறத்தில் வெறும் கட்டம் மட்டும் வைத்தேன். பிறகு இருவரும் ஆட்டோ பிடித்து அம்பூரிக்கே போனோம்.

அந்த அம்மா முகத்தைச் சுளித்தபடி போனை வாங்கினார். ஒரு பச்சைக் கட்டம் வந்தது. “பொண்ணு கெட்டுன பட்டுக்க நெறமாக்கும்,” என்றார் அக்கா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

“மோளே, இஞ்ச வா. பச்சைப் பட்டு உண்டு.”

இருவரும் குனிந்து நின்றார்கள். அடுத்தது சிவப்பா, மஞ்சளா என்று பேச்சு வேறு. முகங்கள் ஒவ்வொன்றாக வரும்வரை யாரும் அவசரப்படவில்லை. கல்யாணம் அக்காவுக்கே.

மங்கல் முகத்துக்குப் பொறுக்காதவர், முகமே இல்லாத கட்டத்துக்கு எப்படிப் பொறுத்தார்? டிகிரிப் புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன்... இது எந்தப் பேப்பரிலும் இல்லை.

இப்போதெல்லாம் புதிதாக எது செய்தாலும் முதலில் அந்தப் பசுவின் அருகே போய் நின்று பார்க்கிறேன்.