கனடாக்காரர் விட்டுவிட்ட பகிடி

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஒரு கிளப்பில் எனக்கு மேடைக்கு லைட் போடும் வேலை கிடைத்தது. கொழும்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். வயரிங் தெரியும், மேடை தெரியாது.

சேர்ந்து ஆறு மாதத்தில் கனடாவிலிருந்து வொரன் என்ற நகைச்சுவைக் கலைஞர் வந்தார். மைக் முன்னால் தனியாக நின்று முக்கால் மணி நேரம் சிரிக்க வைப்பது அவருடைய தொழில். எங்களிடம் இரண்டு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷோ.

முதல் நாள் அவருடைய பனிக்காலப் பகிடிகள் எடுபடவில்லை. வெயிலில் வேலை செய்துவிட்டு பியர் குடிக்க வந்தவர்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? பத்து நிமிடம் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. வொரனுக்கு வியர்த்தது. சட்டென்று நான் நின்ற பின்பக்கத்தைக் கை காட்டினார்.

"லைட் போடுறவர் அங்கை நிக்கிறாராம். இருட்டிலை ஆளைத் தெரியேல்லை. ஒருக்காச் சிரிக்கச் சொல்லுங்கோ, பல்லையாவது பாப்பம்."

மண்டபம் அதிர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு தினமும் அதே பகிடி. பாரில் பியர் ஊற்றுபவர்கூட என்னைக் கண்டால் பல்லைக் காட்டச் சொன்னார்.

நாலாம் நாள் வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன, சோறு அப்பிடியே கிடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மனுசனிட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"சொல்லாட்டி அவருக்கு எப்பிடித் தெரியும்?"

மறுநாள் மைக் செக் பண்ணும்போது, என் நிறத்தை வைத்துச் சொல்லும் அந்தப் பகிடி நோகிறது, விட்டுவிடுங்கள் என்று வொரனிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

"நீரும் சிரிச்சனீர்தானே?"

"எல்லாரும் என்னைப் பாக்கேக்கை வேறை என்ன செய்யிறது?"

கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார். "இந்த ஊரிலை எனக்கு நிச்சயமாச் சிரிப்பு வாற இடம் அது ஒண்டுதான்" என்றார்.

அன்று அந்த இடம் வந்தபோது என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பகிடிக்குப் போனார். ஒருவரும் சிரிக்கவில்லை. "லைட்காரன்ரை பகிடியைச் சொல்லும்" என்று ஒருவர் கத்தினார். "அது முடிஞ்சுது" என்றார் வொரன். மிச்ச நேரம் முழுவதும் அந்த அமைதிக்குள்ளேயே பேசி முடித்தார்.

மேடையிலிருந்து இறங்கியதும் கிளப் மனேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் போன பகிடியை ஏன் விட்டனீர்?"

"அலுத்துப்போச்சு" என்றார் வொரன்.

நான் பக்கத்தில்தான் வயர் சுற்றிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். இரண்டாவது வார ஷோக்களை மனேஜர் ரத்துச் செய்தார். போகும்போது வொரன் எனக்குக் கை கொடுத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, மனம் கேட்காமல், மனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சிவா. ஆளை அனுப்பியிருக்க மாட்டன்."

அந்தப் பகிடியை விடச் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. விட்ட பிறகு அவரைத் தனியே நிற்க விட்டதுதான் வருத்தம். வேலையிடத்தில் உங்களுக்காக ஒருவர் நட்டப்பட்டால், அதை அன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள். நான் ஒரு மாதம் கழித்துச் சொன்னது என் மனதை ஆற்றுவதற்கு மட்டுமே உதவியது.