கடைசியில் ஏறுகிறவர்

குளிக்கப் போகும் நேரத்தில் சுகுமாரிடமிருந்து அழைப்பு வந்தது. சுகுமார் பொன்னேரியில் உடற்கல்வி ஆசிரியர். காரணம் இல்லாமல் காலையில் அழைக்கிறவர் அல்ல.

"சார், நம்ம அம்சவேணி டீச்சர் போய்ட்டாங்க."

எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. "புள்ளைங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு அது விளங்கியது. "கூட யாரும் இல்ல சார். மீஞ்சூர்ல அவங்க ஊட்டுலதான். டீ போட எழுந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். புள்ளைங்க யாரும் கூட இல்ல."

ஒருவர் இறந்த செய்தியில் ஆறுதல்பட எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. டீச்சரை அறிந்த உங்களில் பலரும் அன்று இதையேதான் முதலில் கேட்டிருப்பீர்கள். அடுத்த மாதம் அவர் மாணவர்களை அழைத்துக்கொண்டு மலேசியாவுக்குப் புறப்படுவதாக இருந்தது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரை செய்தி சேகரிப்பது என் வேலை. விபத்து நடந்த தொழிற்சாலை வாசலில், உள்ளே இருப்பவரின் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று காத்து நிற்கும் குடும்பங்களோடு நானும் நின்றிருக்கிறேன். அதனால் பயந்த முகங்கள் எனக்குப் புதிதல்ல. அம்சவேணி டீச்சரின் முகத்தை முதலில் பார்த்தபோதும் அந்தப் பயத்தைத்தான் பார்த்தேன். கவரைப்பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அவர் புவியியல் ஆசிரியை. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மாணவி தொலைந்து கிடைத்தாள் என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன். மற்றவர்கள் என்னைக் கண்டதும் வகுப்புக்குள் போய்விட்டார்கள். இவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நடந்தது இதுதான். வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. புறப்பட்டார்கள். செங்குன்றம் தாண்டியபோது பின் இருக்கையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "மிஸ், இது எங்க பஸ் இல்ல" என்று அழுதாள். அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே சீருடை. தெற்கே ஏதோ ஊரிலிருந்து வந்த பள்ளியின் பிள்ளை இங்கே ஏறியிருந்தது. இவருடைய ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் பேருந்தில் ஏறித் தூங்கிவிட்டிருந்தாள். அந்தப் பேருந்திலும் கணக்கு சரியாக இருந்தது.

"எண்ணிக்கை சரியா இருந்திச்சி சார். அதான் இன்னும் பயமா கீது" என்றார் டீச்சர். "தப்பா இருந்திருந்தா அங்கியே நின்னு தேடியிருப்பேன். சரியா இருந்ததால நிம்மதியா கடலை தின்னுக்கினு வந்தேன்."

பிள்ளை அன்றே பத்திரமாக வந்து சேர்ந்தாள். பெயர் போடாமல் எழுதுகிறேன் என்றேன். "போட்டே எழுதுங்க. இன்னொரு டீச்சர் படிச்சா இன்னொரு புள்ள தப்பிக்கும்" என்றார்.

செய்தி வெளியானபின், இனி அவரைச் சுற்றுலாவுக்கு அனுப்பக்கூடாது என்று பள்ளியில் பேச்சு எழுந்தது. பெற்றோர் கூட்டத்தில் தொலைந்து கிடைத்த பிள்ளையின் அம்மாவே எழுந்து நின்றார். "அந்தம்மா பயந்து போயிருக்காங்க. இனிமே தொலைக்க மாட்டாங்க. அவங்க போனாத்தான் எம்பொண்ண அனுப்புவேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்றிலிருந்து டீச்சர் தலையை எண்ணுவதை விட்டுவிட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளை நிமிர்ந்து "உள்ளேன்" என்று சொல்லி முகத்தைக் காட்ட வேண்டும். எல்லோரும் ஏறியபின், காலியான இடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அவர் ஏறுவார். உடன் வரும் ஆசிரியர்களிடம் அவர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "தலைய எண்ணாதீங்க. மூஞ்சிய பாருங்க."

பிறகு தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனம், சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகச் செலவு செய்ய முன்வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் முதலில் அந்த வழியெல்லாம் நடந்து பழகிவர வேண்டும் என்று ஒரு பயிற்சிப் பயணம் வைத்தார்கள். கோலாலம்பூருக்கு. எங்கள் நாளிதழின் மாணவர் இணைப்புக்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்சவேணி டீச்சர் அதுவரை விமானம் ஏறியதில்லை. பயமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பின் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் மாட்டேன்னா பயமில்லாத ஆளு யாராச்சும் கூட்டிக்கினு போவாங்க. அதுதான் சார் எனக்குப் பெரிய பயம்."

அங்கே மற்றவர்கள் கோபுரங்களின் முன் நின்று படம் எடுத்தார்கள். இவர் அவசர வழிகளையும் கழிப்பறைக்குப் போகும் நடைபாதைகளையும் படம் எடுத்தார். உயரமான கட்டடத்தின் உச்சியில், ஊர் முழுக்கக் காலடியில் கிடக்க, தன் கைப்பையைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னத் தலை நுழையுமா என்று பார்க்கிறாராம்.

"டீச்சர், டூருக்கு வந்தீங்களா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தீங்களா?" என்றார் எங்களோடு வந்திருந்த சுகுமார்.

"நீ போட்டோவுக்கு நில்லு நைனா. நீ வுழுந்தா புடிக்க ஆள் வேணுமில்ல" என்றார் டீச்சர், பையை வெளியே இழுத்துக்கொண்டே.

அடுத்த நாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது டீச்சர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "ரயில்ல பிரிஞ்சிட்டா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கு. எறங்குன எடத்துலயே நில்லு. தேடறது நம்ம வேல. தொலைஞ்ச புள்ளையோட வேல நிக்கிறது மட்டும்தான்."

எங்கள் வழிகாட்டி பாலா, அந்த ஊரிலேயே பிறந்த தமிழ் இளைஞர். அவரும் வேனில், அந்த ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்து, ஒரு பாடம் சொன்னார். "பிரிஞ்சிட்டா ஒண்ணும் கவலை இல்லை லா. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, எதிர் ரயில் பிடிச்சி, ஏறின இடத்துக்கே வந்துடுங்க." எல்லோரும் இதற்கும் தலையாட்டினோம். ஒன்றுக்கொன்று மாறாக இரண்டு பேச்சு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அங்கே மெட்ரோ ரயிலுக்கு இரண்டு கதவு. நடைமேடை ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு, ரயிலில் ஒன்று. இரண்டும் சேர்ந்து திறந்து சேர்ந்து மூடும். "இன்னிக்கு நீங்கதான் மாணவர்கள். நான் பின்னாடி நின்னு பார்க்கிறேன்" என்றார் பாலா. ரயில் வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த நிர்மலா, எங்களில் இளையவர், "ஏறும்மா" என்று சுகுமார் சொன்னதும் ஏறிவிட்டார். மற்றவர்கள் ஏறவில்லை. எல்லோரும் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறிப் பழகியவர்கள். கதவின் இருபுறமும் ஒதுங்கி நின்று, கையை நீட்டி, "நீங்க ஏறுங்க டீச்சர்", "நீங்க மொதல்ல சார்", "அட ஏறுங்கன்றேன்" என்று ஒருவரையொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. இரண்டு கதவுகளும் மூடின. கண்ணாடிக்கு அப்பால் நிர்மலா எங்களைப் பார்த்துச் சிரித்தார். ரயில் நகர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றதைப் பார்த்தேன்.

நடைமேடையில் எல்லோரும் சிரித்தோம், டீச்சரைத் தவிர. "அவ போன் இங்க வேல செய்யுமா?" என்று கேட்டார். செய்யாது. பாஸ்போர்ட் உட்பட எல்லாம் பாலாவின் பையில்.

"பயப்படாதீங்க டீச்சர். திரும்பி வந்துடுவாங்க" என்றார் பாலா.

"நான் நிக்கச் சொல்லியிருக்கேனே தம்பி."

பாலாவின் முகம் மாறியது. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நிர்மலா எந்தப் பேச்சைக் கேட்டிருப்பார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பாலாவை மற்றவர்களோடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, டீச்சர் என்னை அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினார். "நாம போகும்போது அவங்க எதிர்ல வந்துட்டா?" என்று கேட்டேன். "வந்தா அங்க பாலா கீறாரு. வரலன்னா அவளுக்கு யாரு கீறாங்க?" என்றார்.

கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். எதிர் ரயில் ஒன்று எங்களைக் கடந்தது. "சார், உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பாருங்க, பாருங்க" என்றார். ஜன்னல்கள் ஒரே வெளிச்சமாக ஓடின. ஒரு முகமும் நிற்கவில்லை. "தெரியலையே டீச்சர்" என்றேன். "வீரராகவா" என்று திருவள்ளூர்ப் பெருமாளைக் கூப்பிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நிர்மலா வளர்ந்த பெண், வழி கேட்டு வந்துவிடுவார் என்று நான் ஏதோ சொன்னேன்.

"தெரியும் சார். அவளுக்கு வாய் கீது. கேப்பா, வந்துடுவா. நான் அவளத் தேடல" என்றார். "ஏழாங்கிளாஸ் புள்ளையத் தேடறேன்."

அதுவரை நான் ஒரு வேடிக்கைச் செய்தியைத்தான் மனத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அதை நிறுத்தினேன்.

அடுத்த நிலையத்தில் கூட்டம் இறங்கி விலகும்வரை எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு தூணை ஒட்டி நிர்மலா நிற்பது தெரிந்தது. சீருடை அணிந்த ஊழியப் பெண் ஒருவர் அவரை எங்கோ அழைத்துக்கொண்டிருந்தார். நிர்மலா தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஓடவில்லை. எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்தார்.

"நிர்மலா."

"உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நிர்மலா அழுதுவிட்டார். "அந்தம்மா ஆபீசுக்கு வா வான்னு கூப்பிடறாங்க. நீங்க நிக்கச் சொன்னீங்கன்னு நான் நகரவே இல்ல. ஆனா எதிர் ரயில் வந்தப்ப ஒரு கால உள்ள வெச்சிட்டேன் டீச்சர். பாலா சொன்னது ஞாபகம் வந்துடுச்சி. அப்பால உங்க பேச்சு ஞாபகம் வந்து இழுத்துக்கினேன்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊழியப் பெண் தண்ணீர் கொண்டுவந்தார். "ஒரு கால்" என்று மட்டும் டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தபோது அவர் எழுந்து நின்றார். "நாம எல்லாரும் நல்ல டீச்சருங்க. அதனாலதான் ஒருத்தரும் ஏறல" என்றார். சிரிப்பு அடங்கியது. "இனிமே பேசறது ஒருத்தர்தான் பேசணும். கடைசியில ஒருத்தர்தான் ஏறணும். மொதல்ல ஏறவும் ஒரு ஆளு வேணும். அதுதான் கஷ்டம். மொதல்ல ஏறுறவளுக்கு முதுகுக்குப் பின்னால இன்னா நடக்குதுன்னு தெரியாது. அந்த வேலைய நிர்மலாவுக்குக் குடுக்கறேன்."

ஊர் திரும்பியதும், தேர்வான பிள்ளைகளை மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வரவழைத்து, பெற்றோர் பார்க்க, மின்சார ரயிலில் ஏறி இறங்கப் பழக்கினார். நிர்மலா முதலில், டீச்சர் கடைசியில். "மீஞ்சூர்ல ஏறத் தெரியாதவங்களா எங்க புள்ளைங்க?" என்று ஓர் அப்பா கேலி செய்தார். "உங்க புள்ளைக்குத் தெரியும்பா. எனக்குத்தான் தெரியல, கத்துக்கினு கீறேன்" என்றார் டீச்சர். பிள்ளைகளோடு போன அந்த முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. சென்னை விமான நிலையத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் அப்பா, அம்மா கையில் பிடித்துக் கொடுத்தபிறகுதான் அவர் சுவரில் சாய்ந்தார். "இப்பவாவது பயம் போச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? அடுத்த தடவ வேற புள்ளைங்க சார்."

அந்த அடுத்த தடவைதான் இப்போது வருகிறது.

மீஞ்சூரில் டீச்சரின் இறுதிச் சடங்கு முடிந்து, நாங்கள் நிலையத்துக்கு நடந்து வரும்போது நிர்மலா என் பக்கத்தில் வந்தார். "டீச்சர் எடத்துல நான்தான் போணும்ன்றாங்க சார். அத நெனச்சாலே பயமா கீது. முடியாதுன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

போங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்குத் துணிவில்லை. பயிற்சிப் பயணத்துக்குக் கிளம்பும்போது டீச்சர் என்னிடம் சொன்னதை மட்டும் சொன்னேன். பயமில்லாத ஆள் யாராவது கூட்டிப் போய்விடுவார்கள் என்பதை.

கும்மிடிப்பூண்டி ரயில் வந்தது. பழைய வழக்கப்படி நாங்கள் எல்லோரும் வாசலில் ஒதுங்கி நின்றோம். நிர்மலா முதலில் ஏறினார். உள்ளே போகாமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்து வெளிப்பக்கம் திரும்பி நின்று, மறுகையை நீட்டி, ஒவ்வொரு பேராகச் சொன்னார். சுகுமார் "உள்ளேன்" என்று சொல்லி ஏறினார். என் பெயரும் வந்தது, நானும் சொன்னேன். எல்லோரும் ஏறியாயிற்று. நிர்மலாவின் கை மட்டும் இன்னும் வெளியே நீண்டிருந்தது. நடைமேடை காலியாக இருந்தது. ரயில் நகர்ந்து, நடைமேடை முடியும்வரை அவர் கையை உள்ளே எடுக்கவில்லை.

அனுப்பம்பட்டு வரும்போது, "நான் போறேன்னு சொல்லிடறேன் சார்" என்றார். கம்பியை இப்போது இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

டீச்சரின் பயத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடிந்தவரை அதைக் குறையாமல் வைத்திருப்பேன். நிர்மலா புறப்படும் நாளிலிருந்து திரும்பி வரும்வரை, யார் தொலைபேசியில் அழைத்தாலும், என்ன செய்தி என்றாலும், நான் முதலில் கேட்கப்போவது ஒன்றைத்தான்.

புள்ளைங்க?