ஆளுக்கொரு கால்

முதலில் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோடாரியின் தலையும் கட்டையும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டுவார். அசலா நகலா என்று கேட்டுக் கொண்டுவந்தவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "நீங்க சொல்லாதீங்க, அது சொல்லட்டும்" என்பார்.

அதுவும் சொல்லும். பனிமலை ஏறுகிறவர்கள் ஊன்றிக்கொள்ளவும் படி வெட்டவும் வைத்திருந்த கோடாரி அது. கட்டை நீளமாக இருந்தால் பழசு, குட்டையாக இருந்தால் பிற்பாடு வந்தது. நடுவில் யாராவது வசதிக்காக ரம்பம் போட்டுக் குறைத்திருந்தால், அதையும் அடிமுனையைத் தடவியே கண்டுபிடித்துவிடுவார். பாறை இடுக்கில் அடிக்கும் ஆணிகளுக்குக் கண்ணே தேவையில்லை. ஒன்றைத் தொங்கவிட்டுச் சுண்டுவார், காதைக் கொடுப்பார், தலையை ஆட்டுவார்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் ஏறாமலே மேலே போக வழி செய்வதுதான் வேலை. முழங்கால் வலி என்று முதல் மாடிக்கே லிஃப்டில்தான் போவார். மலை என்று ஒன்றின் மேல் இதுவரை கால் வைத்ததில்லை. இதைச் சொல்லி யாராவது கிண்டலடித்தால் கோபப்பட மாட்டார். "நகைக்கடைக்காரர் என்ன, எல்லாத்தையும் கழுத்துல போட்டுக்கிட்டா உக்காந்திருக்கார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

வீட்டில் விருந்தாளிகளுக்கென்று இருந்த அறையில் இப்போது விருந்தாளி படுக்க இடமில்லை. நான்கு சுவரிலும் கோடாரிகள், ஆணிகள், கொக்கி வளையங்கள், அடியில் ஆணி அறைந்த பூட்ஸுகள், கறுத்துப்போன சணல் கயிற்றுச் சுருள்கள். ஒவ்வொன்றும் செய்தவரின் முத்திரை வெளியே தெரியும்படிதான் தொங்கும். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. அதில் 'அசல்' என்றிருக்கும், இல்லாவிட்டால் 'நகல்'. துடைக்க மட்டும் யாருக்கும் அனுமதி கிடையாது.

"தூசியும் ஒரு சாட்சி" என்பார்.

"அப்ப நம்ம வீட்ல சாட்சிக்குப் பஞ்சமே இல்ல" என்பார் மனைவி. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அழுக்கு என்றாலே கை பரபரக்கும். அந்த அறைக் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

ஒருமுறை ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர், வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த அப்பாவின் கோடாரியைக் கொண்டுவந்தார். அப்பா அதோடுதான் சிகரம் ஏறினாராம். இவர் முகர்ந்தார், நகத்தை ஓட்டினார்.

"இது ஹோட்டல் வரவேற்பறையில அழகுக்கு மாட்டறதுக்குன்னு செஞ்சது சார். இது பனியைக் கொத்தினதே இல்ல."

மேனேஜர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். மனைவிக்கு மனசு ஆறவில்லை.

"கொஞ்சம் மாத்திச் சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?"

"இரும்பைப் பத்தி மட்டும் என்னால பொய் சொல்ல முடியாது."

"மத்ததைப் பத்தி?"

"மத்ததைப் பத்தி என்னை யாரு கேக்கறா?"

இந்த நாக்கால்தான் மச்சானையும் பகைத்துக்கொண்டார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், தையல்காரர். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருவரும் பழைய சாமான் சந்தைக்குப் போனபோது, ஒரு சாக்குமூட்டைக்குள்ளிருந்து ஒரு ஜோடி கிராம்பான் வந்தது. பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் கட்டிக்கொள்ளும் முள் சட்டம். இரண்டையும் ஒரே வாரில் சேர்த்துக் கட்டியிருந்தது. இவர் வாரை அவிழ்த்து ஒன்றைக் கையில் எடுப்பதற்குள், மச்சான் மற்றதைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆளுக்கொரு கால் மாப்ள" என்றார்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. தையல்கடைக் கண்ணாடிக்கு மேலே, கைக்கெட்டாத உயரத்தில் மச்சான் அதை மாட்டிவைத்தார். இவர் கெஞ்சிப் பார்த்தார். பதிலுக்கு அருமையான பழைய கத்தரி ஒன்று தருவதாகச் சொன்னார். ஒரு தடவை முகர்ந்தாவது பார்க்கிறேன் என்றார். மச்சான் மசியவில்லை. ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே இவருக்குப் பொறுமை போய்விட்டது.

"துணி வெட்டறவருக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்?"

மச்சான் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேஜையில் வைத்தார். "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மிதிக்கவில்லை. மனைவிதான் அண்ணன் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக அலைந்தார். அண்ணன் தன் வீட்டில் வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. இவருக்கும் குறைதான். தன்னிடமிருந்த முள் சட்டத்தின் சீட்டில், 'அசல். ஜோடி மச்சானிடம்' என்று எழுதிக் கட்டியிருந்தார்.

சென்ற மாதம் மச்சானுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். முந்தின நாள் மாலை, மனைவி அண்ணனைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணன் குடுத்தனுப்பினாங்க. நாளைக்கு எப்படியோ என்னவோ, ஜோடி சேர்ந்துடட்டும்னு சொன்னாங்க."

இவர் சுவரிலிருந்த தன்னுடையதைக் கழற்றி, இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகர்ந்தார். மச்சானுடையதில் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. நகத்தை ஓட்டியவர், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டினார். இவருடையது கொல்லன் உலையில் அடித்து வளைத்தது. மச்சானுடையது தகட்டில் வெட்டி, முள்ளைப் பற்றவைத்தது. முத்திரையும் வேறு. ஒரே வாரில் கட்டியிருந்ததைப் பார்த்து, ஆசையில் ஜோடி என்று நம்பிவிட்டிருக்கிறார். 'அது சொல்லட்டும்' என்று ஊருக்கெல்லாம் சொன்னதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. சிரிப்பு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது.

போன் அடித்தது. மச்சான்தான். குரல் இறங்கியிருந்தது.

"பாத்தியா மாப்ள?"

"பாத்தேன்."

"ஜோடிதானே? இத்தனை வருஷம் வீம்பு புடிச்சது ஒண்ணுமில்லாததுக்கு இல்லையே?"

மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். இவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஜோடிதான் மச்சான். அசல்."

"மோந்து பாத்தியா?"

"பாத்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று புரியாத ஒரு சத்தம். "நல்லபடியா எழுந்தா மொதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவேன். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாக்கணும்."

"வாங்க மச்சான்" என்றார்.

மச்சான் நல்லபடியாக எழுந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார். மனைவி இரண்டு நாளாக வீட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். நேற்று இவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனார். உயரத்தில் எதையாவது மாட்ட வேண்டுமென்றால் எப்போதும் மனைவிதான் ஏறுவார். நேற்று இவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டு முள் சட்டங்களையும் பழையபடி ஒரே வாரில் கட்டி, கூரையை ஒட்டிய ஆணியில், முத்திரை இரண்டும் சுவரைப் பார்க்கும்படி மாட்டினார்.

"எல்லாத்தையும் முத்திரை தெரியத்தானே மாட்டுவீங்க?" என்று கீழேயிருந்து கேட்டார் மனைவி.

"தூசி படியும்" என்றார் இவர், திரும்பாமலே.

மனைவி சுற்றிலும் சுவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு சீட்டு டப்பாவுக்குள் கைவிட்டு, 'அசல்' என்று எழுதிய ஒன்றைத் தேடி எடுத்து நீட்டிவிட்டு, ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

இவர் அதை வாங்கிக் கட்டினார். வழக்கமாக ஒரு முடிச்சு போடுகிறவர், இரண்டு முடிச்சு போட்டார்.