வடிகட்டி தள்ளிவிட்ட வெளிச்சம்

எங்கள் அறையில் அவளுக்கு ‘வடிகட்டி’ என்று பெயர். பூமியின் மறுபக்கத்தில் ஒரு தானியங்கித் தொலைநோக்கி வானத்தைப் படம் பிடிக்கும். அங்கே இரவென்றால் இங்கே எங்களுக்குப் பட்டப்பகல். நேற்று இல்லாமல் இன்று புதிதாக மின்னும் புள்ளிகளைக் கணினி பொறுக்கி அனுப்பும். முக்கால்வாசி குப்பை: விமானம், வெயில் பட்டு மினுக்கும் செயற்கைக்கோள், கேமரா கோளாறு. வருடக்கணக்காக அவள் குப்பையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்து, சற்று நேரத்தில் மங்கி மறையும் வெளிச்சம் ஒன்றாவது தன் பேரில் பதிவாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்ன, வெறி.

அதே மறுபக்கத்தில் இருக்கும் பெரிய தொலைநோக்கியை எங்கள் மாடியில் உட்கார்ந்து இயக்குகிறவரை அவள் அண்ணா என்பாள். கூடப் பிறந்தவரில்லை. ஆனால் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விட்டு நகராமல் இருந்தவர்.

அன்று காபி ஆறுவதற்குள் ஒரு புள்ளி வந்தது. உடனே அறிவித்திருக்கலாம். ஆனால் போன மாதம்தான் அவசரப்பட்டு ஒரு செயற்கைக்கோளை அறிவிக்க, ஆபீசே சிரித்தது. அதனால் மாடிக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். மங்கிக்கிட்டே வருது.”

“பாத்துட்டேன்மா. செயற்கைக்கோள்தான். மறுபடி மூக்கை உடைச்சுக்காத. தள்ளிவிடு, தங்கச்சி.”

தள்ளிவிட்டாள். தள்ளிய படங்கள் அப்போதே அழிந்துவிடும். மாடியில் மாதிரி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எங்கள் கணினியில் இடமில்லை.

சாயங்காலம் அறிவிப்பு வந்தது. வானத்தில் அதே இடத்தில் ஒரு நட்சத்திர வெடிப்பு; கண்டுபிடித்தவர், மாடி அண்ணா. அவளோடு பேசிக்கொண்டே தொலைநோக்கியைத் திருப்பியிருக்கிறார் மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மேல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்கக்கா” என்றேன்.

“என்னன்னு கேக்க? தள்ளினது நான்தானே” என்று அழுதாள்.

மறுநாள் அவரே இறங்கி வந்தார். வெட்கம் மருந்துக்கும் இல்லை.

“கோவிச்சுக்காத தங்கச்சி. உன் பேரையும் ஓரமா சேர்த்துடறேன். நான் திருப்பறதுக்குள்ள பாதி மங்கிடுச்சு. நல்லா பளிச்சுன்னு இருந்த படம் உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. அது இல்லாம என் கட்டுரை நிக்காது.”

“நீங்க சொன்னீங்கன்னுதான் தள்ளினேன். அழிஞ்சு போச்சு.”

அவர் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவளுக்கு இல்லை.

“எனக்கு வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருந்தா, நானே குடுத்திருப்பேன், சார்” என்றாள்.