அக்காவின் வாங்கில் நான் பூசிய வார்னிஷ்

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் தந்திருக்கிறார். குடும்பத்தில் நன்றாகக் கதைப்பவன் நான்தானாம். கதைப்பது வேறு, எழுதுவது வேறு என்பது முதல் வசனத்தை ஏழு தரம் வெட்டிய பிறகுதான் விளங்கியது.

அக்கா மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்து மல்லாவிப் பக்கம் குடியேறியது. நான் அம்மாவின் இடுப்பில் வந்தவன். அம்மாவோடு அக்காவும் களை பிடுங்கப் போனார். வேலை செய்த வளவுகளில் தேத்தண்ணி தருவார்கள். கதிரையில் இருக்கச் சொல்ல மாட்டார்கள். நிலத்தில் குந்தியிருந்து குடித்துவிட்டு எழும்பி வருவார்கள். அக்கா அதை ஒரு குறையாகச் சொன்னதேயில்லை. தனக்கென்று ஒரு வீடு வந்தால், யார் வந்தாலும் கேட்காமல் இருக்கக்கூடிய மாதிரி முற்றத்தில் ஒரு வாங்கு, நீளமான மரப் பெஞ்சு, போட வேண்டும் என்று மட்டும் சொல்லுவார். அதை ஒருவரும் உள்ளே தூக்கி வைக்கக் கூடாது. வெயிலோ மழையோ, அது வெளியில் கிடக்க வேண்டும்.

பிறகு கலியாணம், ஒரு மகள், இடப்பெயர்வுகள், திரும்பி வருகை. அவற்றை இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட நடந்தவர்கள்தானே நீங்கள்.

வீடு கட்டி முடிந்து கச்சான் கடலையும் நன்றாக விளைந்த ஆண்டில், வாங்கு வாங்க அக்கா என்னை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரம் தெரிந்த ஆள் மாதிரி நான் தச்சுப் பட்டறை முழுவதும் தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சத்தம்தான் கேட்டது. அக்கா ஒன்றும் தட்டவில்லை. மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். மேற்பக்கம் தேன் நிறம். அடிச்சட்டத்தில் ஒரு பக்கம் வெளிறிக் கிடந்தது.

"இது வெள்ளையெல்லோ தம்பி. வைரம் பாய்ஞ்ச மரம் இல்லை" என்றார் பட்டறைக்காரரிடம்.

"அது அடிப்பக்கம்தானே அக்கா. ஆர் குனிஞ்சு பாக்கப்போகினம்?" என்றார் பட்டறைக்காரர்.

"மழை பாக்கும்."

அவர் சிரித்துவிட்டு வேறொன்றைக் காட்டினார். பூச்சு இல்லாதது. அக்கா போத்தல் தண்ணீரில் கொஞ்சத்தை அதன் மேல் ஊற்றினார். பலகை அதைக் குடிக்கவில்லை, மணி மணியாக நின்றது. மூட்டுகளில் ஆணி இல்லை, மரமுளைதான். அதன் ஒரு தலையைத் தூக்கச் சொன்னார். என் முதுகு பிடித்துக்கொண்டது. "இதுதான்" என்றார். அது வாங்கின் பாரத்துக்குக் கிடைத்த பாராட்டு.

லொறியில் வரும்போது பொலிஸார் மறித்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னரே நான் ரசீதை நீட்டி, "சேர், இது களவு மரமில்லை" என்றேன். அதற்குப் பிறகு அரைமணித்தியாலம் நின்றோம்.

"கேக்காத கேள்விக்கு ஏனடா மறுமொழி சொல்லுறாய்?" என்றார் அக்கா. நான் அப்படித்தான். பயம் வந்தால் எனக்கு முதலில் கை ஓடும், பிறகு வாய் ஓடும், மூளை பின்னேர பஸ்ஸில் வந்து சேரும்.

வாங்கின் கால்கள் ஈரம் குடிக்காமல் இருக்க நான்கு ஓட்டுத் துண்டுகள் வைத்தார். வருடத்தில் இரண்டு தரம் சவர்க்காரத் தண்ணியும் தேங்காய்த் தும்பும் கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகத் தேய்த்துக் கழுவுவார். வேறொன்றும் இல்லை. ஒரு மாரிக்கு நான் நல்லது செய்வதாக நினைத்துத் தறப்பாளால் மூடிக் கட்டினேன். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சணம்.

"இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள்ளை இருந்த ஆக்கள்தானே நாங்கள். உள்ளை எப்பிடி வேர்க்கும் எண்டு உனக்குத் தெரியாதோ?" என்றார். நான் தும்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெயிலில் வாங்கு சாம்பல் நிறமானது. "அது பழுதில்லை, அதுதான் அதின்ரை நிறம். வார்னிஷ் கிர்னிஷ் பூசிப்போடாதை. வெளியிலை கிடக்கிற மரத்திலை அது செதில் செதிலாக் கழரும்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை மட்டும் பார்த்து.

சிறுநீரக வருத்தம் அவரை மூன்று வருடம் அலைத்தது. போன மாரியில் ஒரு காலை, வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து அத்தான் போன் எடுத்தார். அக்காவைப் பின்னேரம் கொண்டு வருகிறோம் என்றார். சரி என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அக்கா வீட்டு முற்றத்தைப் பார்த்தேன். வாங்கு சாம்பல் நிறத்தில் நின்றது. சனம் வரப்போகிறது, தம்பிக்காரன் வாங்கை உக்க விட்டுவிட்டான் என்று சொல்லப்போகிறது என்று தோன்றியது. அழுகைக்குப் பதிலாக எனக்கு வார்னிஷ் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்லாவிக் கடைக்குப் போனேன்.

மருமகள், அக்காவின் மகள், வாசலில் வந்து நின்றாள். "மாமா, என்ன செய்யிறியள்?"

"வாங்கை வடிவாக்கிறன்."

"அம்மா பூச வேண்டாமெண்டு சொன்னவா எல்லோ."

"ஓம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கின் மற்றக் கைப்பிடிக்கும் பூசினேன்.

ஈர மரம், மழைக் காற்று. அது அடுத்த நாளும் காயவில்லை. செத்த வீட்டுக்குச் சனம் வந்துகொண்டேயிருந்தது. வாடகைக் கதிரைகள் போதாமல் போயின. நான் பிஸ்கட் பெட்டி மட்டையில் 'இருக்க வேண்டாம்' என்று எழுதி வாங்கில் கொழுவினேன். எழுதும்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கையெழுத்து வடிவாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அக்கா சின்னவயதில் களை பிடுங்கிய வளவொன்றின் சொந்தக்கார ஐயா, தடி ஊன்றிக்கொண்டு வந்தார். மட்டையின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"தம்பி, இதிலை இருக்கலாமோ?"

"காயேல்லை ஐயா. வேட்டி ஒட்டிப்போடும்."

"உன்ரை அக்கா என்னை எப்பவும் இதிலைதான் இருத்திறவ."

மட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வாங்கில் இருந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எழும்பும்போது வேட்டி ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. மருமகள் அழுதுகொண்டிருந்தபடியே சிரித்துவிட்டாள். அப்போதுதான் நான் எழுதிய இரண்டு சொற்களை நான் வாசித்தேன். அந்த வீட்டு முற்றத்தில் அந்தச் சொற்களைக் கொழுவிய முதல் ஆள் நான்.

ஒரு வருடமாக ஞாயிறு தோறும் அந்த வார்னிஷைச் சுரண்டுகிறேன். கண்ணாடித் துண்டு, சாண்ட்பேப்பர், பிறகு சவர்க்காரத் தண்ணி. வேட்டி நூல்கள் நிறைய வந்தன. இப்போது மரம் தெரிகிறது. சாம்பல் நிறம் வர இன்னும் ஒரு மாரி வேண்டும்.

அக்காவை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பிக்கும், அவரைப் பராமரித்த தாதியருக்கும், செத்த வீட்டில் அடுப்பு மூட்டிய அயலவருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், வேட்டியைப் பழுதாக்கிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாத மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வாருங்கள். வாங்கு முற்றத்தில்தான் நிற்கிறது, நன்றாகக் காய்ந்துவிட்டது. இந்த ஒரு வருடமும் முழங்காலில் நின்று அதைச் சுரண்டியதைத் தவிர, நான் இன்னும் அதில் இருந்து பார்க்கவில்லை. யாராவது ஒருவர் முதலில் இருங்கோ. பக்கத்தில் நான் வந்து இருக்கிறன்.