ஆமணக்குச் செடியை வெட்டிய காலை

போன பங்குனியில், திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வெளிநாட்டில் டிரைவராக இருந்த என் கணவர் பக்கவாதம் வந்து ஊர் திரும்பியிருந்தார். வலது கை விழுந்துவிட்டது. நாக்கு குழறுவதால் வெட்கப்பட்டு, மூன்று மாதமாக யாரிடமும் பேச்சே இல்லை. "பேசிப் பழகுங்க"ன்னு நானும் நச்சரித்துப் பார்த்தேன். கொல்லைப்புற ஜன்னலே கதியென்று உட்கார்ந்திருப்பார்.

கொல்லையில் தானாக முளைத்த ஆமணக்கு இரண்டு நின்றது. இலையெல்லாம் முள்ளு முள்ளாகப் புழு. எனக்கோ புழு என்றால் குமட்டும். அன்று காலை அரிவாளை எடுத்து இரண்டையும் வெட்டி, தெருவுக்கு வந்த குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

உள்ளே வந்தால் மனுஷன் அழுகிறார்! இடது கையால் போனை நீட்டினார். அத்தனையும் ஒரே வண்ணத்துப்பூச்சியின் படங்கள். சின்னது, பழுப்பு இறக்கையில் கோணல் கோணலாய்க் கறுப்புக் கோடு. அது என்ன பூச்சி என்று தேடிக் கண்டுபிடித்தும் வைத்திருந்தார். ஆமணக்கிலும், தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடியிலும்தான் முட்டை வைக்குமாம். நான் வெட்டியது அதன் வீடு.

"எம்... பூச்சி" என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வண்டி அடுத்த தெரு முனையில் நின்றது. "புழுவுக்கா இப்படி ஓடி வாரீங்க?" என்று குப்பை அள்ளும் அம்மா சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டிமேல் ஏறி, கிளையை இழுத்துப்போட்டு, இலை இலையாகப் புரட்டினார். மூன்று புழு கிடைத்தது. "தீனிக்குக் கவலைப்படாதீங்கக்கா, வாய்க்கால் கரையில நெறைய நிக்கிது" என்றவர், தினமும் வரும்போது ஒரு பிடி ஆமணக்கு இலை கொண்டுவந்தார். அட்டைப்பெட்டியில் புழுவை வைத்து இவர்தான் ஒற்றைக் கையால் வளர்த்தார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுத்தம் செய்தேன்.

ஒருநாள் காலை, கூட்டிலிருந்து ஒன்று ஈர இறக்கையோடு வெளியே வந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். "வா...ம்மா. வந்து... பாரு!" தெருவுக்கே கேட்டது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

இப்போது இவர் நன்றாகவே பேசுகிறார். ஆனாலும், பேசுங்க பேசுங்க என்று உயிரை எடுத்த நான், "அப்படி என்னத்தங்க பாக்குறீங்க?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்பது இன்னும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.